கியூஆர் பெற்றோல்: 2022இன் எரிபொருள் பாஸுக்குப் பிந்தி வந்த ஒரு மதிப்புரை

ஓட்டலுக்கு, போனுக்கு, சோலார் பெனலுக்கு எல்லாம் மதிப்புரை எழுதுகிறோம், அரசாங்கம் தந்த ஒரு சேவைக்கு எழுதினால் என்ன குறை. 2022 ஜூலையில் இலங்கையில் அறிமுகமாகி, 2023 செப்டெம்பர் முதலாம் திகதியோடு பங்கீடு நிறுத்தப்பட்ட, வாகனத்துக்குக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று கியூஆர் குறியீட்டால் அளந்து கொடுத்த தேசிய எரிபொருள் பாஸ் பற்றித்தான் இது. அந்த முழுப் பெயரை யாழ்ப்பாணத்தில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை, சனங்களின் வாயில் அது வெறும் கியூஆர். "கியூஆர் இருக்கோ?" "இந்தக் கிழமை முடிஞ்சுது." "உன்ர கியூஆரைக் கொஞ்சம் தாவன்." ஒரு வருடத்துக்கு மேல் ஊரில் நடந்த பேச்சில் பாதி இதுதான்.

நிறுத்திய சாமானுக்கு ஏன் விமர்சனம் என்று கேட்கலாம். எண்ணெய்க் கப்பல் பிந்துகிறது என்று ஒரு வதந்தி கிளம்பினாலே "பேசாமல் கியூஆரைப் போடுங்கோ" என்று முதலில் சொல்கிறவர்கள், அது இருந்த காலத்தில் அதைத் திட்டித் தீர்த்த ஆட்கள்தான். அரசாங்கம் அளந்து கொடுத்த ஒன்றைச் சனம் விரும்பித் திரும்பக் கேட்பது இந்த நாட்டில் அபூர்வம். என்னுடைய கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. சில நண்பர்கள் இதைக் கேட்டுச் சண்டைக்கு வந்தார்கள், ஒருவன் ஐந்தும் கொடு என்கிறான், இன்னொருவன் ஒன்றே அதிகம் என்கிறான். ஒன்று என்று சொன்னவன் கடற்றொழில் செய்கிறவன், அவன் நியாயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், கியூஆர் வருவதற்கு முந்திய நிலை. 2021 டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் கடைசியில் 470. விலை ஏறினால் வாங்குகிற ஆள் குறைய வேண்டும், இங்கே விலை ஏற ஏற வரிசையும் நீண்டது, ஏனென்றால் சாமான் இல்லை, கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது. மார்ச் மாதம் ரூபாயை மிதக்க விட்டதும் 200 ரூபாயில் நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வாகனத்தை வரிசையில் விட்டுவிட்டு முறை வைத்துக் காவல் இருந்த குடும்பங்கள் எத்தனை, வரிசையிலேயே மயங்கி விழுந்து செத்த வயதானவர்களின் செய்தி எத்தனை.

இராணுவத்தை மார்ச் மாதமே ஷெட்டுகளில், அதாவது எரிபொருள் நிலையங்களில், நிறுத்தியாகிவிட்டது. ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் விலையேற்றத்தை எதிர்த்துத் தண்டவாளத்தை மறித்த சனத்தின்மீது பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். ஜூன் 18ஆம் திகதி வன்னியில், விசுவமடுவில் ஒரு ஷெட்டில் பிரச்சினை முற்றி இராணுவம் சுட்டது, பொதுமக்கள் நான்கு பேரும் படையினர் மூன்று பேரும் காயப்பட்டார்கள். விசுவமடு எப்பேர்ப்பட்ட இடம் என்று எங்களுக்குத் தெரியும், 2009இல், போரின் கடைசி மாதங்களில், அந்த மண்ணில் என்ன நடந்தது என்றும் தெரியும். அங்கே பெற்றோல் வரிசையில் திரும்பவும் துவக்குச் சத்தம் கேட்டது என்றபோது வயிறு கலங்காதவர் வன்னியில் இருந்திருக்க மாட்டார்.

இந்தச் சேவையின் பெறுமதி எங்கே இருக்கிறது என்றால் இங்கேதான். ஷெட்டில் சண்டை எப்போது வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பவுசர் (எண்ணெய் கொண்டுவருகிற தாங்கி லொறி) வராத நாளில் சண்டை வரவில்லை. பவுசர் இன்றைக்கு இல்லை என்றால் சனம் அரசாங்கத்தைத் திட்டும், பக்கத்தில் நிற்பவனோடு பகிடி விடும், தேத்தண்ணி வாங்கிக் குடிக்கும், வீட்டுக்குப் போகும். பவுசர் வந்த நாளில்தான் அடிபாடு. பவுசர் வந்து, சாமானும் இருக்கிறது என்று தெரிந்து, பின் வாசலால் இரண்டு எண்ணெய்க் கான் போகிறதைப் பார்த்தால், முன்னுக்கு ஒரு ஜீப்பைக் கொண்டுவந்து விட்டு "அவசரம்" என்று சொல்லி அடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால், அப்போதுதான் கை நீளும். எங்கள் பக்கத்து ஷெட் ஒன்றில் (பெயர் வேண்டாம்) விடியற்காலையிலிருந்து நின்று எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது "முடிந்தது" என்று கயிறு கட்டினார்கள். அன்று பின்னேரம் அதே ஷெட்டிலிருந்து ஆள் தெரிந்த ஒரு வான் தாங்கி நிரம்பப் போனது. இல்லாமையைப் பொறுத்துக்கொள்ளப் பழகிய சனம் நாங்கள், அந்த வானைப் பொறுக்கிற பழக்கம் மட்டும் வரவில்லை.

சரி, சேவைக்கு வருவோம். ஜூலை 9ஆம் திகதி கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது, 13ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போனார், 14ஆம் திகதி பதவி விலகினார், 16ஆம் திகதி எரிசக்தி அமைச்சர் கஞ்சன விஜேசேகர இந்தப் பாஸை அறிமுகப்படுத்தினார். திகதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது வெறும் வசதிக்காக வந்த மென்பொருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அரசாங்கத்தின் தகவல் தொழில்நுட்ப முகவர் நிலையமும் உள்ளூர்த் தொழில்நுட்ப ஆட்களும் சேர்ந்து செய்தது. பதிவு செய்ய அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், வாகனப் புத்தகத்தில் இருக்கிற செசி இலக்கம், ஒரு போன் இலக்கம், அவ்வளவுதான். தங்கள் மோட்டார் சைக்கிளின் செசி இலக்கம் எந்த மூலையில் அடித்திருக்கிறது என்று டோர்ச் வெளிச்சத்தில் முதன்முதல் தேடிப் பார்த்தவர்கள் அந்த வாரம் ஊர் முழுக்க இருந்தார்கள். கிடைத்த கறுப்பு வெள்ளைச் சதுரத்தைப் போனில் வைத்திருக்கலாம், சிமார்ட் போன் இல்லையென்றால் அச்சடித்து லமினேற் பண்ணிச் சாவிக் கொத்தோடு கொழுவி வைக்கலாம். ஷெட்காரர் தன் போனால் ஸ்கான் பண்ணுவார், மிச்சம் எத்தனை லீற்றர் என்று அவருக்குத் தெரியும், அடித்து முடிய எங்களுக்குக் குறுஞ்செய்தி வரும். தொடக்கத்தில் இலக்கத் தகட்டின் கடைசி இலக்கத்தை வைத்து யார் எந்த நாளில் வரலாம் என்றும் பிரித்திருந்தார்கள். ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து நாடு முழுக்கக் கியூஆர் இல்லாமல் எரிபொருள் இல்லை.

கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கும் வானுக்கும் 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50. 4 லீற்றரைக் கேட்டு முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது, ஏனென்றால் அந்த 4 லீற்றர் உண்மையிலேயே கிடைத்தது. வரிசை கரைந்ததற்குக் காரணம் திடீரென்று பெற்றோல் கூடியது என்று நான் நினைக்கவில்லை. முன்பு ஒவ்வொருவரும் தாங்கியை நிரப்பி, வீட்டுக்குப் போய்க் குழாய் விட்டு உறிஞ்சிப் போத்தலில் ஊற்றி வைத்துவிட்டு, திரும்பவும் வந்து வரிசையின் வாலில் நின்றார்கள். நாளைக்கு இருக்குமோ தெரியாது என்ற பயம்தான் வரிசையில் பாதி. கியூஆர் அந்தப் பயத்தின் காலை உடைத்தது. என்னுடைய 4 லீற்றரை வேறு ஒருவன் எடுக்க முடியாது, வியாழன் போனாலும் இருக்கும், ஞாயிறு போனாலும் இருக்கும் என்றால் நான் ஏன் விடியப்புறம் எழும்பி ஓட வேண்டும்? வங்கி மனேச்சரின் ஸ்கூட்டருக்கும் 4, சந்தையில் கீரை விற்கிற அக்காவின் மகனுடைய மோட்டார் சைக்கிளுக்கும் 4. அந்தச் சமன் கண்ணுக்குத் தெரிந்தது, அதுதான் முக்கியம். ஷெட்காரருக்கும் நிம்மதி, "அண்ணை, நான் இல்லை, மெசின் விடுகுதில்லை" என்று சொல்லித் தப்பலாம், அதற்கு முன்பு அந்தப் பொடியன்கள் வாங்கின பேச்சு கொஞ்சமில்லை.

இதை என் பெரியப்பாவிடம் விளக்கப் போனேன். எண்பதைத் தாண்டியவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கூப்பன்தானேயடா, புதுசா என்னத்தைக் கண்டுபிடிச்சவங்கள்?" என்றார். அவர் சொன்னது சரி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு இந்தத் தீவின் அரசியலையே பல தடவை ஆட்டியிருக்கிறது. 1953இல் நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன கூப்பன் அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மதிய உணவையும் நிறுத்தினார். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள், அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறி இருந்து கூட்டம் நடத்தியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 2022 ஜூலை 9ஆம் திகதி மாளிகையை விட்டு வெளியேற்றப்பட்ட ஜனாதிபதியும் கடற்படைக் கப்பலுக்குத்தான் போனார் என்று செய்திகள் வந்தபோது, பழைய ஆட்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவருக்குப் பிறகு வந்த ரணில் விக்கிரமசிங்க, 1953இன் அந்த நிதி அமைச்சருக்கு மருமகன் முறை. இந்த நாட்டில் எல்லாம் குடும்பத்துக்குள்தான் சுற்றும்.

எழுபதுகளில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க காலத்தில் பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை, அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை. 1977 தேர்தலில் அந்த அரசாங்கத்தைச் சனம் துடைத்தே எறிந்தது, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 ஆசனம். ஆனால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரைக் கேட்டால் அதே காலத்தைப் பொற்காலம் என்பார்கள், இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் விற்றுக் கல்வீடு கட்டினவர்கள் இருக்கிறார்கள். தட்டுப்பாடு எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கள் ஊரிலேயே வேறு இல்லை.

அப்புறம் தொண்ணூறுகள். போருக்குள் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் என்று ஒரு பட்டியலே வடக்குக்கு வராமல் மறிக்கப்பட்டது. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளின் புகை மணம் இன்னும் எங்கள் ஆட்களுக்கு மறக்கவில்லை, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்துப் படித்தவர்கள்தான் இன்றைக்கு வெளிநாட்டில் டொக்டராகவும் எஞ்சினியராகவும் இருக்கிறார்கள். அதனால்தான் 2022இல் தெற்கு பொங்கியபோது இங்கே பலர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள், "இதெல்லாம் நாங்கள் கண்டது" என்று ஒரு வகைத் திமிரும் இருந்தது. ஆனால் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தடைக் காலத்தில் ஊருக்குள் எல்லோரும் சைக்கிள். 2022இல் அப்படி இல்லை. கனடாவிலோ சுவிஸிலோ ஒரு பிள்ளை இருந்த வீட்டுக்கு அனுப்புகிற அதே காசு ரூபாயில் ஏறக்குறைய இரட்டிப்பாக வந்தது. ஒருவரும் வெளியில் இல்லாத வீட்டில், கூலிக்குப் போகிற வீட்டில், அதே மாதம் அரிசியும் பருப்பும் இரட்டிப்பு விலை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். ஒரே ஒழுங்கையில், ஒரே மதிலின் இரண்டு பக்கத்தில், இரண்டு வேறு நெருக்கடி நடந்தது. இதை நாங்கள் வெளியில் அதிகம் பேசுவதில்லை, பேசினால் சொந்தத்துக்குள் கோபம் வரும்.

இப்போது குறைகள். ஒன்றரைப் புள்ளி போனது இங்கே.

முதலாவதும் பெரியதும்: கியூஆர் ஆளுக்கு அளக்கவில்லை, வாகனத்துக்கு அளந்தது. வாகனம் இல்லாதவனுக்குப் பூச்சியம். அவன் பஸ்ஸில் போவான்தானே என்று சொல்லலாம், பஸ் எத்தனை ஓடியது என்று அந்தக் காலத்தில் தொங்கிக்கொண்டு போனவர்களைக் கேட்க வேண்டும். அதைவிட மோசம், வீட்டு வாசலில் நிற்கிற காருக்கு 20 லீற்றர், ஓடித்தான் வீட்டில் உலை ஏற்றுகிற ஓட்டோவுக்கு 5. ஐந்து லீற்றரில் ஒரு ஓட்டோ எத்தனை கிலோமீற்றர் ஓடும், நூறோ நூற்றைம்பதோ, அது ஒரு நல்ல நாள் ஓட்டம், கிழமை முழுவதற்கும் அதுதான். ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம் என்று கட்டுப்பாடு போட்டார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் மூன்று வாகனமும் மூன்று வளர்ந்த ஆட்களும் உள்ள வீட்டில் மூன்று அட்டை இருக்கிறது. பங்கு சமன், ஆனால் பங்குக்கு வர டிக்கெட் ஒரு வாகனம். எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓடுகிற தம்பி ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினான், ஐந்து லீற்றரையும் ஓடித் தீர்த்தால் வருகிற காசைவிட ஐந்து லீற்றரையும் பிளாக்கில் விற்றால் கூட வரும் என்று. ஒரு கட்டத்தில் வெளியில் லீற்றர் ஆயிரம் ரூபாயையும் தாண்டித்தான் போனது. வேலை செய்யாமல் வீட்டில் இருந்தால் இலாபம் என்று ஒரு தொழிலாளியிடம் சொல்கிற பங்கீட்டில் ஏதோ பிழை இருக்கிறதுதானே. வாடகை ஓட்டோக்களுக்குத் தனிப் பதிவு, கூடுதல் பங்கு என்று பின்னால் திருத்தினார்கள், 2023இல் எல்லோருக்கும் அளவைக் கூட்டினார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஆனால் முதல் மாதங்களில் விழுந்த கடனை அந்தத் திருத்தம் அடைக்கவில்லை.

இரண்டாவது, டொலர் வாசல். வெளிநாட்டுப் பணத்தில் கட்டக்கூடிய நிறுவனங்களுக்கு உறுதியான ஒதுக்கீடு தரும் ஏற்பாடு ஒன்று 2022 நடுவிலேயே இருந்தது, ஆண்டுக் கடைசியில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தனிப் பாஸ் வந்தது. நாட்டுக்கு டொலர் வேண்டும், அந்த நியாயம் எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் பழைய பின் வாசலுக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால், இதற்கு ரசீது உண்டு என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

மூன்றாவது, என் கடற்றொழில் நண்பனின் கதை. கியூஆர் பெற்றோலுக்கும் டீசலுக்கும்தான். வடக்கில் கரையோரச் சிறு படகுகளில் பெரும்பாலானவற்றின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் லயத்திலும் வன்னிக் குடிசையிலும் விளக்குக்கும் அடுப்புக்கும் அதுதான். கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியமும் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையமும் எங்கே என்று தெரியாத ஆட்களுக்கெல்லாம் அந்தச் சுத்திகரிப்பு நிலையம் மூடின செய்தி முதலில் தெரிந்தது மண்ணெண்ணெய் வராததால்தான். கானை வரிசையில் வைத்து, கானுக்குமேல் கல்லை வைத்து, கல்லில் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போன வரிசை அது. பெற்றோல் வரிசை கியூஆரோடு கரைந்தபிறகும் கான் வரிசை அப்படியே நின்றது, படம் பிடிக்க அங்கே தொலைக்காட்சிக்காரர் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 2022 ஓகஸ்ட் பிற்பகுதியில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய். பெற்றோல் ஆறு மாதத்தில் ஏறிய அளவைவிட இது மோசம், அதுவும் இருக்கிற ஆட்களிலேயே இல்லாத ஆட்கள் பாவிக்கிற எண்ணெய்க்கு. "கார்காரனுக்குச் சதுரம், எங்களுக்குக் கல்" என்று அவன் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை, என்றாலும் ஒன்று கொடுக்க மாட்டேன், மூன்றரைக்குக் கீழே இறங்க மாட்டேன்.

ஏன் இறங்க மாட்டேன் என்றால், தெரு அடங்கியதில் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன். முழுப் பங்கும் என்று சொல்லவில்லை. ஜூலை 22 விடியற்காலையில் கொழும்புக் காலிமுகத்திடலில் இருந்த போராட்டக்காரரைப் படையை இறக்கி அடித்தார்கள், அவசரகாலச் சட்டம் இருந்தது, இந்தியா கடனில் எரிபொருள் அனுப்பியிருந்தது, கோட்டா போனதே பலருக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அடித்து அடக்கிய கூட்டம் இன்னொரு இரவு பவுசரை மறிக்கும். சொன்ன அளவு, சொன்ன நாளில், ஆள் பார்க்காமல் கிடைக்கிறது என்றால் மறிக்க ஆள் சேராது. இதை அதிகாரத்தில் இருப்பவர்களும் புரிந்துகொண்டார்கள், பாதி மட்டும் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் பிரச்சினை. வரிசை கலைந்தால் போதும் என்று விளங்கிக்கொண்டார்கள்.

ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த அடிகளுக்கு வரிசை இல்லை. மின்கட்டணத்தை எடுங்கள். மாதம் 30 யுனிற்றுக்குள் பாவிக்கிற வீடு, அதாவது இரண்டு பல்பும் ஒரு ஃபானும், 2022 ஓகஸ்டுக்கு முன்பு யுனிற்றுக்கு 2.50 ரூபாயும் நிலையான கட்டணம் 30 ரூபாயும் கட்டியது, 30 யுனிற்றுக்கு 105 ரூபாய். ஓகஸ்ட் மாற்றத்தில் அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் 1,300. பிறகு குறைத்தார்கள், ஆனால் அந்த இடைவெளியில் மின்சாரம் வெட்டப்பட்ட வீடுகள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. வற் எனப்படும் பெறுமதி சேர் வரியை 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 ஆக்கி வசதியானவர்களுக்குச் சலுகை கொடுத்துத்தான் கஜானாவைக் காலி பண்ணினார்கள், அதை நிரப்ப 12, 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏற்றியபோது கட்டினவர்கள் கடைச் சாமான் வாங்குகிற எல்லோரும். 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது தொழிலாளரின் சேமலாப நிதியில் கை வைத்தார்கள், வங்கிகளின் கையிலிருந்த பிணைமுறிகளை விட்டுவிட்டார்கள். உலக வங்கியின் கணக்கில் 2021இல் 13 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதம். நெருக்கடிக்கு முன்பே, 2019 குடும்ப வருமான ஆய்வின்படி, மேலே உள்ள 20 வீதக் குடும்பங்களுக்கு மொத்த வருமானத்தில் பாதிக்கும் மேல், கீழே உள்ள 20 வீதத்துக்கு 5 வீதம்கூட இல்லை. இதில் எதற்கும் ஷெட் வாசலில் நிற்கிற மாதிரி ஒன்றாக நிற்க இடமில்லை. பில் தனித்தனியாக ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறது, ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வெட்கப்படுகிறது.

ஒரே ஒரு புது வரிசை வந்தது, பாஸ்போட் வரிசை. 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கென்று பதிவு செய்து வெளிநாடு போனார்கள். அங்கேயும் கூடக் காசு கட்டினால் ஒருநாள் சேவை, கட்டாவிட்டால் காத்திரு. நாட்டை விட்டு ஓடுவதற்கும் இரண்டு லைன்.

மிச்சக் கோபம் வாக்குப்பெட்டிக்குப் போனது. 2019இல் மூன்று வீதம் எடுத்த அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் ஜனாதிபதி, நவம்பரில் அவர் அணிக்கு 225இல் 159 ஆசனம், யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று. இதை எங்கள் அரசியல்வாதிகள் இனப்பிரச்சினையின் கணக்கில் மட்டும் வாசிக்கிறார்கள். கானோடு நின்றவர்களின் கணக்கிலும் ஒருக்கால் வாசித்துப் பார்க்கலாம். அது தெருவுக்கு வராமல் பெட்டிக்குள் போனது எங்கள் அதிர்ஷ்டம், ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் போகும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

பாவித்தவன் என்ற முறையில் சில யோசனைகள், யாராவது இதைத் திரும்பக் கையில் எடுப்பதென்றால். அளவை வாகனத்துக்கு வைக்காமல் வீட்டுக்கு வையுங்கள், கார் இல்லாத வீட்டின் பங்கைப் பஸ்ஸுக்கு மாற்றுங்கள். தொழில் வாகனத்துக்கு முதல் நாளிலிருந்தே கூடுதல் கொடுங்கள், மாதக்கணக்கில் கழித்துத் திருத்தாதீர்கள். டொலர் வாசல் கட்டாயம் வேண்டுமென்றால் அதில் வருகிற இலாபம் எங்கே போகிறது என்று ஷெட் வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். மண்ணெண்ணெயை முதலாவதாகச் சேருங்கள். படகுக்கும் பதிவிலக்கம் இருக்கிறது, மீன்பிடித் திணைக்களத்தில் கோப்போடு இருக்கிறது, செசி இலக்கம்கூடத் தேடத் தேவையில்லை. அதைச் செய்தால் மிச்ச ஒன்றரையும் தருகிறேன், என் நண்பனிடமும் பேசிப் பார்க்கிறேன்.